லம்பூன் ஆசீர்வாதம்

வட தாய்லாந்தில் ஏப்ரல் மாதம் புகையோடுதான் வரும். மலைக்காடுகளில் சருகு எரியும். சோளம் அறுத்த நிலத்துக்கு விவசாயிகள் தீ வைப்பார்கள். எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் லாவோஸிலும் அதே வேலை நடக்கும். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் சியாங் மாய் நகரத்தில் வந்து தங்கும் புகைக்கு வெளியேற வழி கிடையாது. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்ததும் எதிரே நிற்கும் டோய் சுதெப் மலை, மார்ச் கடைசியில் ஆளே காணாமல் போய்விடும். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும், கழற்றினால் தொண்டை கரகரக்கும். இந்த லட்சணத்தில் ஓர் ஊரே தெருவுக்கு வந்து தண்ணீர் அடித்துக்கொள்கிறது என்றால் அதற்குச் சாஸ்திரக் காரணம் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாஸ்திரக் காரணமும் இருந்தது, அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள். நம் சித்திரை முதல் தேதிக்கும், கேரளத்து விஷுவுக்கும், பர்மாக்காரர்களின் திங்யானுக்கும், தாய்லாந்தின் சோங்க்ரானுக்கும் ஒரே பழைய கணக்குதான் மூலம். தாய்லாந்து அரசு ஏப்ரல் 13, 14, 15 என்று தேதியை நிரந்தரமாக்கி மூன்று நாள் விடுமுறை விடுகிறது. ஆனால் ஏடுகளின்படி அது வருடப் பிறப்பே இல்லை. 1889-இல் ஐந்தாம் ராமா மன்னர் ஏப்ரல் 1-ஐப் புத்தாண்டாக்கினார். பிறகு வந்த பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசு, 1941 முதல் ஜனவரி 1 என்று மாற்றியது. அந்த மாற்றத்தில் மாட்டிக்கொண்ட பௌத்த ஆண்டு 2483-க்கு ஆயுள் ஒன்பதே மாதம். பாவம், ஜனவரியையும் பிப்ரவரியையும் மார்ச்சையும் அது பார்க்கவே இல்லை. மேலிடம் இப்படி இரண்டு முறை தேதியை மாற்றியும் ஜனங்கள் வாளியைக் கீழே வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிச் சட்டம் போட்டு, 2011-இல் அதைத் திரும்பப் பெற்றதைப் பார்த்தவனுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

நான் அங்கே போனது வேலைக்காக. சியாங் மாய்க்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது லம்பூன். லாங்கன் பழத்தோட்டங்களும் ஒரு பெரிய தொழிற்பேட்டையும் உள்ள சிறிய ஊர். அங்கே மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஓசூரிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபடி நாள் முழுக்க சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் ‘பா’ என்பார்கள். நம் கணக்கில் பெரியம்மா. ஐம்பதைத் தாண்டியவர். எந்த சாலிடர் இன்னும் ஆறு மாதத்தில் விட்டுவிடும் என்பது என் கருவி சொல்வதற்கு முன்னால் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முறைப்படி நான் அவருக்கு மேலதிகாரி. ‘ஹுவா நா’ என்று கூப்பிடுவார், தலைவரே என்பதுபோல. எனக்குக் காது கூசும்.

விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் கேன்டீனில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லோரும் பூப்போட்ட சட்டை. பெரிய வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகையும் ரோஜா இதழும் மிதந்தன, தண்ணீரில் அத்தர் போன்ற ஒரு வாசனை. தாய்லாந்துக்காரரான தொழிற்சாலை மேலாளர், அவருக்குப் பக்கத்தில் ஜப்பானிய மேலாளர், கணக்குப் பிரிவுத் தலைவி, அடுத்த நாற்காலி எனக்கு. நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நான் எதற்கு என்றேன். “உட்காருங்க ஹுவா நா” என்று மனிதவளப் பிரிவுப் பெண் தோளை அழுத்தாத குறை.

சோங்க்ரான் என்றால் நனைவது என்றே கேள்விப்பட்டிருந்தேன். இங்கே நனைந்தது கை மட்டும். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்ட வேண்டும். ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டு, சிறு கிண்ணத்தில் மொண்டு உள்ளங்கையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டுப் போகமாட்டார்கள், தலையைக் குனிந்து காத்திருப்பார்கள், ஆசீர்வாதத்துக்காக. தாய்லாந்து மேலாளர் ஆளுக்கேற்ப ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். ஜப்பானியர் ஒரே ஒரு தாய்லாந்து மொழி வாக்கியத்தை மனப்பாடம் செய்து வந்திருந்தார். அதை அச்சு மாறாமல் எல்லோருக்கும் சொன்னார். என் முறை வந்தது. குனிந்த தலை ஒன்று, கையில் தண்ணீர், வாயில் ஒன்றுமில்லை. கடையில் சில்லறை கேட்கவும் சோற்றுக்குக் காரம் குறைக்கச் சொல்லவும் பழகியிருந்த என் தாய்லாந்து மொழியறிவில் வாழ்த்துக்கு இடமில்லை. “நல்லா இருங்க” என்றேன், தமிழில்.

அந்தப் பெண் நகரவில்லை. ஆசீர்வாதம் அவ்வளவு சின்னதாக முடியாது என்று நினைத்தாள் போல. “நோய் நொடி இல்லாம இருங்க” என்று சேர்த்தேன். கைகூப்பி “சாது” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பத்துப் பேர் தாண்டியதும் எனக்குத் தயக்கம் விட்டது. பாட்டி எங்களுக்குச் சொல்லும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தீர்க்காயுசா இரு, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழு, எடுத்த காரியம் ஜெயிக்கட்டும். கல்யாணமாகாத இருபது வயதுப் பெண்ணுக்கும் பேரன் எடுத்தவருக்கும் வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். புரியாத மொழியில் வரும் வாழ்த்துக்கு ஒரு கூடுதல் மதிப்பு உண்டு போலிருக்கிறது. பாலி மொழி ஓதலுக்குப் பழகிய ஊர் அல்லவா?

அப்போது பா வந்தார். வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் மண்டியிட்டார். என் அம்மாவைவிட மூத்தவர். கை தானாகப் பின்வாங்கிவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்து, அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அவர் கையில் நான் ஊற்றினேன். அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். பதறவே இல்லை. இதற்குத்தான் வந்தேன் என்பதுபோல் கையை நீட்டி, வட தாய்லாந்துப் பேச்சில், ராகம் போட்டு, நீளமாக ஓர் ஆசீர்வாதம் சொன்னார். பின்னால் வரிசை நின்று சிரித்தது. ஜப்பானியர் என் பக்கம் சாய்ந்து, “இது நிகழ்ச்சி நிரலில் உண்டா?” என்று மெதுவாகக் கேட்டார்.

13-ஆம் தேதி நான் குடியிருந்த சியாங் மாயில். மெங்ராய் மன்னர் 1296-இல் கட்டிய பழைய நகரத்தைச் சுற்றிச் சதுரமாக ஓர் அகழி, பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில். அந்த அகழிதான் மூன்று நாளும் போர்க்களம், ஆயுதக்கிடங்கு எல்லாம். கயிறு கட்டிய வாளியைப் போட்டு இழுத்து அப்படியே எதிரில் வருபவர் தலையில் கவிழ்ப்பார்கள். சாலையில் பிக்கப் லாரிகள் ஊர்ந்தபடி இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல டிரம், டிரம்மைச் சுற்றி ஒரு முழுக் குடும்பம். டிரம்முக்குள் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வாங்கிப் போட்ட ஐஸ் பாளம். அகழித் தண்ணீர் வெதுவெதுப்பாக, லேசான பாசி நாற்றத்தோடு இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஐஸ் தண்ணீர் முதுகில் விழுந்தால் முதுகுத்தண்டு ஒரு நிமிடம் வேலைநிறுத்தம் செய்யும்.

நனைக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் யார், எந்த ஊர், என்ன வேலை என்றும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு இந்தக் கேள்விகள் இல்லாத ஒரு மணி நேரம் கிடைப்பது சாதாரணமல்ல. பையன்கள் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து இரு கன்னங்களிலும் தடவிவிட்டுப் போனார்கள். அந்தப் பூச்சைச் சாக்காக வைத்துப் பெண்களைத் தொட்டுச் சீண்டுகிறார்கள் என்று சில இடங்களில் அதற்குத் தடையும் உண்டு, தடை நியாயம்தான். வெளிநாட்டுப் பயணிகளில் சிலர் நெஞ்சில் பட்டை கட்டி, முதுகில் டாங்க் சுமந்து, படையெடுப்புக்கு வந்தவர்களைப்போல் முகத்துக்கு நேரே பீய்ச்சினார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நடைபாதைக் கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் அலுமினியக் கிண்ணத்தில் மொண்டு, தோளில் மட்டும் வழியவிட்டு, ஏதோ முணுமுணுத்துத் தட்டிக்கொடுத்தார். டிரம் டிரம்மாக வாங்கிய தண்ணீரில் அது ஒன்றுதான் பிற்பாடும் நினைவிருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு ஊர்வலம் வரும். வாட் ப்ரா சிங் கோயிலின் புத்தர் சிலையைத் தேரில் ஏற்றி, தா பே வாசல் வழியாக இழுத்து வருவார்கள். சிலை இலங்கையிலிருந்து வந்ததாகக் கதை. பாங்காக் தேசிய அருங்காட்சியகத்திலும், தெற்கே நக்கோன் சி தம்மராட்டிலும் இதே பெயரில் சிலைகள் இருக்கின்றன; மூன்று ஊரும் தன்னுடையதே அசல் என்கிறது. தேர் நெருங்க நெருங்க, அதுவரை ஒருவரையொருவர் குறிபார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் தண்ணீர்த் துப்பாக்கியைக் கீழே இறக்கியதைப் பார்த்தேன். வீட்டிலிருந்து பூவும் வாசனையும் கலந்து கொண்டுவந்த தண்ணீரைக் கிழவிகள் சிலையின் மேல் தெளித்தார்கள். தேர் கடந்து பத்தடி போயிருக்காது, மறுபடி போர்.

மறுநாள் கோயில்களில் மணல் வேலை. வருடம் முழுக்கக் கோயிலுக்கு வந்து போகிறவர்கள் காலோடு கோயில் மண்ணையும் கொண்டுபோய்விடுகிறார்கள், அந்தக் கடனைத் தீர்க்க மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்பது கணக்கு. கொட்டிய மணலைக் கோபுரமாகக் குவித்து, வண்ணக் காகிதக் கொடிகளைச் செருகுவார்கள். போதி மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்குக் கவைக் கம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். வடக்கில் அன்றைக்கு யாரையும் திட்டக்கூடாது, திட்டினால் வருடம் முழுக்க அது திரும்பி வரும் என்பார்கள். என் வீட்டுக்காரம்மா அன்று முழுவதும் தன் கணவரிடம் பேசவே இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் பாங்காக்கிலிருந்து ஒரு தமிழ் நண்பர் போன் செய்தார். சித்திரை முதல் நாளாயிற்றே, காலையில் சீலோம் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. சீலோம் தெருவோ பாங்காக்கில் சோங்க்ரான் கூட்டம் அதிகம் சேரும் இடங்களில் ஒன்று. பட்டு வேட்டியோடு கோயிலுக்கு உள்ளே போனவர், விபூதி கரைந்து கண்ணில் இறங்க வீடு திரும்பியதாகச் சொன்னார். வேட்டி உலரட்டும், வருடப் பிறப்பு வாழ்த்துகள் என்றேன்.

15-ஆம் தேதி பா தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். லம்பூனுக்குப் பழைய சாலையில் போனேன். சாராபி பக்கம் அந்தச் சாலையின் இருபுறமும் யாங் மரங்கள், பனையைவிட உயரம். யாரும் வெட்டிவிடாதபடி அடிமரத்தில் காவித்துணி சுற்றி, மரங்களுக்கே துறவறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நிழலில்தான் வாளிகளோடு ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போன இளைஞன் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் அறைந்தது. வண்டி சறுக்கி, மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முழங்கைத் தோல் உரிந்துபோயிற்று. ஊற்றியவர்களே ஓடிவந்து தூக்கிக் கட்டுப்போட்டார்கள்.

இதைச் சொல்லாமல் சோங்க்ரானைச் சொல்லக்கூடாது. அரசாங்கமே இந்த வாரத்துக்கு ‘ஆபத்தான ஏழு நாட்கள்’ என்று பெயர் வைத்துத் தினமும் சாவு எண்ணிக்கையை டிவியில் வாசிக்கிறது. ஏழு நாளில் இருநூறு, முந்நூறு பேர் சாலையில் சாகிறார்கள். 2016-இல் நானூறைத் தாண்டியது. தண்ணீரைவிடக் குடியும் வேகமும்தான் காரணம். இறப்பவர்களில் பெரும்பாலோர் இரு சக்கரத்தில் போகிறவர்கள். யுனெஸ்கோ 2023 டிசம்பரில் சோங்க்ரானை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் டிவியில் வாசித்த பட்டியலும் கூடவே வருகிறது. அந்த இளைஞன் விழுந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து சோங்க்ரானில் நான் வண்டியை எடுக்கவில்லை.

பா வீட்டில் நான் ஹுவா நா இல்லை. “அங்கே உட்கார்” என்று பாயைக் காட்டினார். எண்பதைத் தாண்டிய அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை ‘மே உய்’, பாட்டி, என்றது. அவருக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பழுப்பு நிறத் தண்ணீர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு கணம் இடம் குழம்பிவிட்டது. சனிக்கிழமை, கொல்லைப்புறம், எண்ணெய் ஒழுகும் தலை, கண்ணில் எரிச்சல். தணலில் வாட்டி ஊறவைத்திருந்த காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அங்கே அதைச் சொம்பொய் என்கிறார்கள், நம் சீயக்காயேதான். தீட்டு, பீடை, கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கழுவும் என்று நம்பிப் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதைக்கு அதைத்தான் வைப்பார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் அதைத்தான் தெளித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் வாரா வாரம் தலைக்குத் தேய்த்துக் குளிப்போம் என்று பாவிடம் சொன்னேன். அவர் அம்மாவின் காதில் போட்டார். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாரா வாரமா? அப்படியானால் உங்கள் ஊரில் பாவமே மிச்சமிருக்காதே” என்றார்.

வயது வரிசைப்படிதான் எல்லாம் நடந்தது. கிழவிக்குப் புதுத் துணியும் பழமும் வைத்து, வருடத்தில் செய்த குற்றங்குறைகளைப் பொறுக்கச் சொல்லி, கிண்ணத்தை நீட்டினார்கள். அவர் விரலை நனைத்துத் தன் தலையில் தடவிக்கொண்டு, எங்கள் மேல் தெளித்து வாழ்த்தினார். அடுத்து அவருடைய மூத்த மகன் கையில் ஊற்றினோம், அடுத்து பா. அதற்கு அடுத்த இடத்தில் யார் என்று ஒரு சின்ன விசாரணை நடந்தது. என் வயதைக் கேட்டார்கள். சொன்னதும், பாவின் தம்பிக்குக் கீழே, அவருடைய அக்கா மகனுக்கு மேலே என்று தீர்ப்பாயிற்று. அந்த அக்கா மகனுக்குப் பிறந்த பொடியன் நனைந்த சட்டையோடு வந்து, மண்டியிட்டு, என் கையில் மிகப் பணிவாகத் தண்ணீர் விட்டான். படிப்பு நன்றாக வரட்டும் என்று தமிழில் சொன்னேன். கைகூப்பிப் போனவன், நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் மாமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு முழு வாளியை என் மேல் வீசினான். வாளியில் ஐஸ் இருந்தது. திண்ணையிலிருந்து பலமாகச் சிரித்தது மே உய்தான்.

அடுத்த நாளுக்கென்று பலாக்காய்க் குழம்பைக் கிண்ணத்தில் கட்டிக் கொடுத்தார்கள். 16-ஆம் தேதி அதைச் சாப்பிட்டால் வருடம் முழுக்க யாராவது கைகொடுத்துத் தாங்குவார்கள் என்பது வடக்கத்தியர் நம்பிக்கை. உண்மையோ என்னவோ, அந்த வருடம் என் வரிசையில் ரிஜெக்ட் குறைவு.

2020-இல் கொரோனாவால் விடுமுறையே தள்ளிப்போயிற்று. அகழியைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் மட்டும். பா தன் மைக்ராஸ்கோப் மேஜையிலிருந்து கையை நீட்டி, “ஊற்று” என்றார். கை கழுவும் ஜெல்லை இரண்டு சொட்டு விட்டேன். ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றபடி அதே நீள ஆசீர்வாதத்தைச் சொன்னார்.

கட்டுப்பாடுகள் போய், கேன்டீனில் மறுபடி நாற்காலி போட்ட வருடம் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: இந்தியாக்காரர் தாய்லாந்து மொழியில் வாழ்த்தக் கூடாது, பழையபடி அந்த நீளமான வாழ்த்துதான் வேண்டும். இத்தனைக்கும் அதற்குள் நான் தாய்லாந்து மொழி வாழ்த்தைப் பிசகில்லாமல் கற்றிருந்தேன். அந்த வருடம் ஓய்வு பெற இருந்த பாவுக்கும் ஒரு நாற்காலி போட்டு, மேலாளர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். ஜப்பானிய மேலாளர் முந்தின நாள் மாலை என் மேஜைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். தன் வாழ்த்தைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, உன் வாழ்த்துக்கு மட்டும் சிரிக்கிறார்கள், அது என்ன என்றார். சொல்லச் சொல்ல, தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் பெண் வந்து மண்டியிட்டதும், தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, “நர்ரா இருங்கோ. பதினாரும் பெத்து பெருவார்வு வாரு” என்று உரத்த குரலில் படித்தார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம்தான் கல்யாணம். அவள் இரு கையும் கூப்பி “சாது” என்றாள். வரிசை மொத்தமும் “சாது” என்றது.